மஞ்சள் விளக்கு

— இல்ல கண்ணு, நீ நொண்டுறது வலது கால். அதைத்தான் சொல்றேன்.

— என்னம்மா சொல்றே? எனக்கு வயசு எண்பத்தொண்ணு. எந்தக் கால் வலிக்குதோ அந்தக் கால்லதான் நொண்டுவேன். கார்டைத் தட்டியாச்சு, மஞ்சள் விளக்கும் எரிஞ்சாச்சு. உள்ளே விடு, தூறல் போடுது.

— எண்பத்தொண்ணாம்! குரலைப் பாரு, தொண்டையில ஆட்டுக்குட்டி சிக்கின மாதிரி. ரெஜ் ஹேஸ்லம் எத்தனை வருஷமா ஆட்டம் பாக்க இந்த மைதானத்து ஏழாம் கேட்டு வழியா வர்றாரு, அவருக்கு இழுக்கிறது இடது காலுன்னு எனக்குத் தெரியாதா? நீ அவர் மகன் கார்ல். தொப்பியைத் தூக்கு, பாக்கிறேன்.

— தொப்பி வேண்டாம்மா, குளிருது.

— தூக்குன்னேன்.

— டோரீன் அக்கா, மெதுவாப் பேசுங்க. பின்னால ஆளுங்க வர்றாங்க.

— வரட்டும். இந்தாங்கப்பா, பக்கத்துக் கேட்டுக்குப் போங்க, இது மக்கர் பண்ணுது. ஆமா, ஆறாம் நம்பர்தான். போங்க போங்க. நீ இப்படிச் சுவரோரமா வா. தாடியில என்ன அது, வெள்ளையா வழியுது?

— மாவு.

— ரொட்டி சுடுற மாவா?

— காய்ஞ்சு இருந்தா நல்லா நரைச்ச மாதிரிதான் இருக்கும். இன்னிக்கு மழை வரும்னு நினைக்கல. அது வந்து... எப்பலேர்ந்து தெரியும் அக்கா உங்களுக்கு?

— ஆகஸ்ட்லேர்ந்து. ஃபுட்பால் சீசனோட முதல் ஆட்டம்.

— அப்பவேவா?

— பின்ன? வெயில் மண்டையைப் பிளக்குது, சட்டைகூட இல்லாம வர்றானுங்க பசங்க. நடுவுல ஒருத்தர் குளிர்காலக் கோட்டும் கழுத்து வரைக்கும் மப்ளருமா வந்து நிக்கிறாரு. சரி, வயசானவங்களுக்குக் குளிரும்னு விட்டேன். ஆனா உங்கப்பா கார்டைத் தட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுவாரு, தெரியுமா உனக்கு?

— தெரியாது.

— என் உள்ளங்கையில ஒரு புதினா மிட்டாயை வைப்பாரு. வார்த்தை பேச மாட்டாரு. வச்சுட்டுப் போயிடுவாரு. அன்னிக்கும் வழக்கம்போல கையை நீட்டினேன். நீ என்ன பண்ணே?

— கையைப் பிடிச்சுக் குலுக்கினேன்.

— ஆமா, மந்திரி மாதிரி!

— மரியாதைக்கு நீட்டுறீங்கன்னு நினைச்சேன் அக்கா.

— அப்பவே தெரிஞ்சுபோச்சு, இது ரெஜ் இல்லைன்னு. சரி, ரெஜ்ஜுக்கு உடம்புக்கு முடியல, ரெண்டு ஆட்டத்துக்குப் பையன் வர்றான், தேறினதும் அவரே வந்துடுவாருன்னு என்னை நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன். இப்ப கிறிஸ்துமஸே வந்தாச்சு. என்னைப் பாத்துச் சொல்லு கண்ணு. ரெஜ் எங்கே?

— ஜூன்லயே போயிட்டாரு அக்கா.

— அட கடவுளே. ஜூன்லயா? ஊர்ல ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாதேடா!

— தங்கச்சி ஊர்ல வச்சு அடக்கம் பண்ணிட்டோம்.

— அங்கே எதுக்கு? அந்த ஊர் டீமைக் கண்டாலே ஆகாது அவருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அந்த டீமுன்னு மக கல்யாணத்துலயே முகத்தை உம்முன்னு வச்சுக்கிட்டு நின்னவராச்சே. அந்த மண்ணுலயா கொண்டு போய்ப் போட்டீங்க?

— இங்கே பண்ணினா நாங்க உக்கார்ற கால்வாய் ஸ்டாண்டு மொத்தமும் வந்து நிக்கும். கிளப்புல தெரிஞ்சிடும். அப்பாவோட சீசன் கார்டைக் கேன்சல் பண்ணிடுவாங்க.

— எத்தனை பேர் வந்தாங்க?

— ஏழு பேர். பாதிரியாரையும் சேத்து.

— ரெஜ் ஹேஸ்லத்துக்கு ஏழு பேர்.

— சொல்லிக் காட்டாதீங்க அக்கா. தூங்கி எந்திரிச்சா அந்த ஏழு பேர்தான் கண்ணு முன்னால நிக்கிறாங்க. பெட்டியைத் தூக்க ஆள் பத்தாம அடக்கம் பண்ற கம்பெனிக்காரங்களே ரெண்டு பேர் கை குடுத்தாங்க.

— ஏன்டா இப்படிப் பண்ணே? ஒரு ஆட்டத்தை டிவியில பாத்தா ஆகாதா?

— பச்சை விளக்கு எரியணும்னா என்ன விலைன்னு தெரியாதா உங்களுக்கு?

— தெரியாம என்ன? சலுகை விலைக் கிழடுகளுக்கு மஞ்சள், குஞ்சு குளுவான்களுக்கு நீலம், முழுக் காசு கட்டின ராசாவுக்குப் பச்சை. நாள் பூரா அந்த விளக்கைப் பாத்துக்கிட்டுத்தானே நிக்கிறேன்.

— டிப்போவுல என் வேலை நேரத்தைப் பாதியாக் குறைச்சுட்டாங்க. பச்சை எனக்கு எட்டாது. அதுகூடப் போகட்டும், அக்கா. அப்பா செத்துட்டாருன்னு சொன்னா சீட்டே கைவிட்டுப் போயிடும். எங்களுக்கு முன் வரிசையைப் பாத்தீங்கள்ல? எல்லாம் மெத்தை வச்ச நாற்காலி. பின்னால கண்ணாடி ரூமு, வெள்ளைத் துணி விரிச்ச மேஜை, மீனு, ஒயினு. நாங்க வருஷம் முழுக்கக் கட்டினதை அவங்க ஒரே மத்தியானத்துல கட்டிட்டுப் போறாங்க. எங்க வரிசையில எவனாவது செத்தா போதும், மறு வாரமே அவன் சீட்டுக்கு மெத்தை வந்துடுது.

— இடைவேளை முடிஞ்சும் பாதிப் பேர் சாப்பாட்டை விட்டு வெளியே வர்றதில்ல. நாற்காலி மட்டும் உக்காந்து ஆட்டம் பாக்குது.

— அதான். அங்கே வேற எவனோ உக்காந்து கைபேசியை நோண்டிக்கிட்டிருக்கிறதை என்னால நினைச்சுப் பாக்க முடியல. அப்பா சாவை மறைச்சா அப்பா இடத்தைக் காப்பாத்தலாம்னு தோணுச்சு. தோணினப்ப சரியாத்தான் இருந்துச்சு.

— இப்ப?

— இப்ப மாவு வழியுது. நீங்க ஏன் அக்கா இத்தனை நாள் பிடிக்காம விட்டீங்க?

— இந்த மஞ்சள் கோட்டை நான் எதுக்குப் போட்டுக்கிட்டேன்னு நினைக்கிறே?

— சம்பளத்துக்கு.

— சம்பளமா! பஸ்ஸுக்கும் டீக்கும் சரியாப் போயிடும். எனக்கும் வடக்கு ஸ்டாண்டுல சீட்டு இருந்துச்சுடா. வருஷா வருஷம் ஏத்தினாங்க. நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கட்டினேன். ஒரு வருஷம் முடியல. முடியலன்னு யார்கிட்டயும் சொல்லவும் வாய் வரல. முட்டி வலி, படியேற முடியல, அதான் விட்டுட்டேன்னு எல்லார்கிட்டயும் கதை விட்டேன். அப்புறம் கோட்டைப் போட்டா சும்மா உள்ளே விடுவாங்கன்னு இந்த வேலைக்குச் சேர்ந்தேன். உள்ளே விட்டாங்க. ஆனா ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஜனங்களைப் பாத்து நிக்கணும். அதுதான் வேலை. இந்த வருஷம் நம்ம டீம் டவுன் போட்ட கோல்ல ஒண்ணைக்கூட நான் பாக்கல. உங்க மூஞ்சிங்கள்ல பாத்ததோட சரி. முக்காவாசி உன் மூஞ்சியில.

— என் மூஞ்சியிலயா?

— ஆட்டம் ஆரம்பிச்சதும் கேட்டை விட்டு உங்க வரிசைக்கு நேர் கீழே வந்துதானே நிக்கிறேன். கோல் விழுந்தா எல்லாரும் குதிப்பாங்க. நீயும் குதிக்க எந்திரிப்பே. பாதியில கிழவன்னு ஞாபகம் வந்துடும். இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு மெல்ல உக்காருவே. எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். இவனை எப்படிப் பிடிச்சுக் குடுக்கிறதுன்னு விட்டுட்டேன். ஆனா இன்னிக்கு விடறதுக்கில்ல கண்ணு.

— ஏன்? இன்னிக்கு மட்டும் என்ன?

— இன்னிக்கு என்ன நாளுன்னு தெரியாத மாதிரி கேக்கிறே.

— தெரியும். கிறிஸ்துமஸுக்கு முன்னாடி கடைசி ஆட்டம்.

— வருஷத்துல செத்தவங்க பேரெல்லாம் படத்தோட பெரிய திரையில வரும். மொத்த மைதானமும் எந்திரிச்சு நின்னு ஒரு நிமிஷம் கை தட்டும். எதிர் டீம்காரனும் தட்டுவான். உங்கப்பா உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டுவாரு. வருஷத்துல அன்னிக்கு மட்டும் வெளியே போறப்ப என்கிட்ட வாயைத் திறப்பாரு. என்ன கேப்பாரு தெரியுமா? நம்ம படத்துக்கு எந்தக் கோட்டைப் போட்டுக்கலாம் டோரீன்னு. சாவைப் பத்தி அந்த மனுஷனுக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

— அக்கா, போதும்.

— அப்ப உங்கப்பா பேரை நீ குடுக்கல.

— எப்படிக் குடுப்பேன்? பேரு திரையில வந்தா கார்டு செத்துடுமே.

— உங்கம்மாகிட்ட என்ன சொல்லி வச்சிருக்கே?

— குடுத்துட்டேன்னு சொல்லியிருக்கேன். அது வந்து... அன்னிக்குக் கல்லறையில ஏழே பேரைப் பாத்துட்டு அம்மா தேம்பித் தேம்பி அழுதுச்சு. நான்தான் சொன்னேன், இது சும்மாம்மா, அப்பாவுக்கு நிஜமான அடக்கம் டிசம்பர்ல, ஊரே எந்திரிச்சுக் கை தட்டும்னு. அதையே பிடிச்சுக்கிட்டு இத்தனை மாசத்தைத் தள்ளிடுச்சு. இப்ப வீட்டுல ரேடியோ பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கும். பேரையெல்லாம் உள்ளூர் ரேடியோவுல படிப்பாங்கள்ல?

— அவர் பேரு வராதேடா!

— எங்க தெருவுல கரண்ட்டு போயிடணும்னு காலைலேர்ந்து சாமியைக் கும்பிட்டுக்கிட்டிருக்கேன்.

— வெக்கமா இல்ல?

— இருக்கு. வெக்கத்தைத் தவிர வேற எதுவுமே இல்ல அக்கா எனக்கு. உள்ளே உக்காந்து மத்தவங்க அப்பனுக்கெல்லாம் கை தட்டணுமே, அதை நினைச்சு ராத்திரி தூக்கமில்ல.

— அப்ப ஓடு. ரெண்டரை வரைக்கும் ஆபீசுல பேர் வாங்குவாங்க. இன்னும் நேரமிருக்கு. ரெஜ் ஹேஸ்லம்னு சொல்லிட்டு வந்துடு. கார்டு போனா போகுது.

— போறேன். போறேன்... அக்கா, இந்த ஒரு ஆட்டம் மட்டும் பாத்துக்கட்டுமா? அடுத்த வருஷம் குடுத்துடறேன்.

— செத்தவரை அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்கச் சொல்றியா?

— ஏழாம் கேட், ஏழாம் கேட். ஆபீஸிலிருந்து பிரென்டிஸ் பேசறேன். கேக்குதா?

— இரு, வாக்கிடாக்கி கூப்பிடுது. கேக்குது சார், டோரீன்தான்.

— உங்க கேட்டுல சற்று முன்னாடி ஒரு மஞ்சள் விளக்கு எரிஞ்சதாப் பதிவாகியிருக்கு. ரெஜினால்ட் ஹேஸ்லம். அந்த நபர் உள்ளே போயிட்டாரா?

— இல்ல சார். இங்கேதான் நிக்கிறாரு. ஏன் சார்?

— நிறுத்தி வைங்க. கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி ஒரு வயசான அம்மா ஆபீசுக்கு வந்து, அதே ரெஜினால்ட் ஹேஸ்லம் இறந்துட்டாருன்னு திரைக்குப் பேரும் படமும் குடுத்திருக்காங்க. மனைவியாம். இறந்தவரோட கார்டு ஒரு ஆட்டம் விடாம வந்துக்கிட்டிருக்கு. ஒண்ணு அந்த அம்மா சொல்றது தப்பு, இல்லைன்னா ஆள் மாறாட்டம். ஆள் மாறாட்டம்னா ஆயுசுக்கும் தடை, போலீசுக்கும் தகவல் சொல்லணும். அந்த அம்மாவை உங்க கேட்டுக்கு அனுப்பியிருக்கேன். ஆளைப் பாத்து அவங்களே சொல்லட்டும்.

— சரி சார்.

— அம்மாவா? எங்கம்மா இங்கேயா வந்திருக்கு?

— காதுல விழுந்துச்சுல்ல.

— என்னை விட்டுடுங்க அக்கா. பின்பக்கமா ஓடிடறேன். யாரும் வரலைன்னு சொல்லிடுங்க.

— விளக்கு எரிஞ்சது பதிவாயிடுச்சு. எங்கே ஓடுவே?

— அம்மா மூஞ்சியில முழிக்கிறதுக்கு போலீஸ் தேவலாம்.

— அந்த மாவையாவது துடை. அதோ, குடையோட வந்துட்டாங்க.

— டோரீன், ஆபீசுல ஏழாம் கேட்டுக்குப் போங்கன்னாங்க. என்னமோ சரிபாக்கணுமாம். நம்ம கார்ல் இந்த வழியாத்தானே வருவான், பாத்தியா அவனை?

— ஐவி அம்மா, அது...

— அவன்கிட்ட சொல்லாம பஸ் ஏறி வந்துட்டேன். ரேடியோவுல பேரைக் கேட்டா ஆச்சா? படத்தைப் பாக்க வேண்டாமா? அவன் எந்தப் படத்தைக் குடுத்தானோன்னு வேற ஒரே கவலை. மக கல்யாணத்துல எடுத்தது ஒண்ணு இருக்கு. அதுல மூஞ்சி உம்முன்னுதான் இருக்கும், ஆனா அந்தச் சாம்பல் கோட்டுல மனுஷன் ராசா மாதிரி இருப்பாரு. அதை எடுத்துக்கிட்டுப் போனா, அந்தப் பொண்ணு பட்டியல்ல பேரே இல்லைங்கிறா. என் பையனுக்கு வேலை ஜாஸ்திம்மா, பாவம், மறந்திருப்பான்னு சொல்லிட்டு நானே குடுத்தேன். நல்ல வேளை வந்தேன். இவரு யாரு, ஏன் சுவத்தைப் பாத்து நிக்கிறாரு? டோரீன், அந்தக் கோட்டு... கறுப்புக் கோட்டுல கைப்பக்கம் பழுப்புப் பித்தான். நான்தான் வச்சுத் தச்சேன்.

— அம்மா.

— கார்ல்?

— ஆமாம்மா.

— தானத்துக்குக் குடுத்துட்டேன்னு சொன்னியேடா இந்தக் கோட்டை. மூஞ்சியில என்ன மாவு? எதுக்கு இந்த வேஷம்?

— அப்பாவோட கார்டும்மா. முதியோர் கார்டு. அப்பா உயிரோட இருக்கிற மாதிரி நான் வந்துக்கிட்டிருந்தேன். சீசன் தொடங்கினதுலேர்ந்து.

— உன் பேர்ல மாத்திக்கிட்டேன்னு சொன்னே?

— முடியலம்மா. கட்ட முடியல.

— என்கிட்ட சொன்னா என்ன?

— வெக்கமா இருந்துச்சு.

— அதனாலதான் பேரைக் குடுக்கல?

— ஆமாம்மா.

— இரு. அப்ப அந்த அடக்கம்... தங்கச்சி வீட்டுப் பக்கத்துலயே இருக்கட்டும்மா, அவ அடிக்கடி போய்ப் பாப்பான்னு சொன்னியே. அதுவும் இதுக்குத்தானா? உங்கப்பாவை ஒளிச்சு வச்சா புதைச்சே?

— ஆமாம்மா.

— ஐவி அம்மா, இந்த ஸ்டூல்ல உக்காருங்க.

— நான் நிக்கிறேன். நாப்பது வருஷம் அவர் கூட ஆட்டம் பாத்தவங்க, ஒருத்தர்கூட எட்டிப் பாக்கலையேன்னு மனசுக்குள்ள எல்லாரையும் திட்டினேன் டோரீன். உன்னையும்தான். தெருவுல பாத்தாக்கூடத் தலையைத் திருப்பிக்கிட்டேன். நீ என்னைக் கூப்பிட்டுக்கிட்டே நின்னே.

— ஏழாம் கேட், என்ன ஆச்சு? திரைக்குப் பட்டியலை அனுப்பணும். அந்த அம்மா வந்துட்டாங்களா?

— வந்துட்டாங்க சார். ஒரு நிமிஷம்.

— நானே சொல்லிடறேன் அக்கா. அதை இப்படிக் குடுங்க. தடை போட்டா போடட்டும். அப்பா படம் வரட்டும்.

— நீ நகரு. டோரீன், அதை என்கிட்ட குடு. எதை அழுத்தணும்? இதையா? தம்பி, ஐவி ஹேஸ்லம் பேசறேன். இப்ப வந்தேனே ஆபீசுக்கு.

— சொல்லுங்கம்மா. கேட்டுல நிக்கிற நபரைப் பாத்தீங்களா? யாரு அவரு?

— அம்மா, வேண்டாம்மா.

— பக்கத்துல யாரும்மா பேசறது?

— அவருதான் தம்பி, என் வீட்டுக்காரரு. தூறல்ல நின்னுக்கிட்டு என்னைத் திட்டிக்கிட்டிருக்காரு. உயிரோட இருக்கிறவனைக் கொன்னுட்டியேடி பாவின்னு.

— ஆனா நீங்கதானேம்மா இறந்துட்டாருன்னு சொன்னீங்க? படமெல்லாம் குடுத்தீங்க?

— வயசாயிடுச்சுல்ல. கொஞ்ச நாளாப் புத்தி தடுமாறுது. எங்கண்ணன் ஜூன்ல தவறிட்டாரு, அவருக்குப் பதிலா இவர் பேரைச் சொல்லி உளறிட்டேன். வீட்டை விட்டுத் தனியா அனுப்ப மாட்டாங்க என்னை. இன்னிக்குத் தெரியாம வந்துட்டேன். மன்னிச்சுக்கப்பா.

— பரவாயில்லம்மா. எங்க பாட்டிக்கும் இப்படித்தான். அப்ப திரையில பேரு?

— எடுத்துடுங்க.

— படம்?

— அங்கேயே வச்சிருங்க. போறப்ப வாங்கிக்கிறேன்.

— சரிம்மா. உடம்பைப் பாத்துக்கங்க. ஏழாம் கேட், அவரை உள்ளே விட்டுடுங்க.

— சரி... சரி சார்.

— ஏம்மா இப்படிப் பண்ணே? பைத்தியம்னு உன்னையே சொல்லிக்கிட்டியே. இதுக்காகத்தானேம்மா இத்தனை நாள் காத்துக்கிட்டிருந்தே?

— டோரீன், கையை நீட்டு.

— என்ன ஐவி அம்மா இது?

— புதினா மிட்டாய். எப்பவும் அவர் பையில ரெண்டு போட்டு அனுப்புவேன். டோரீனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னுவாரு. திரையைப் பாத்துக்கிட்டே ஒண்ணு நான் சாப்பிடலாம்னு எடுத்துட்டு வந்தேன்.

— அம்மா, நான் உள்ளே போகலம்மா. வா, வீட்டுக்குப் போயிடலாம். இனிமே இந்தப் பக்கமே வர மாட்டேன்.

— வீட்டுக்குப் போய்? திரையிலேர்ந்தும் எடுத்தாச்சு. இனி அவர் இருக்கிற இடம் அந்த சீட்டு ஒண்ணுதான். அதையும் மெத்தைக்காரனுக்கு விட்டுட்டா அவரை எங்கே போய்த் தேடுவேன்? மப்ளரை மேல இழுத்து விட்டுக்கங்க. மத்தவங்க பேர் வர்றப்ப கை நல்லாத் தட்டுங்க.

— என்னைப் போய் வாங்க போங்கன்னு... அம்மா, அடிச்சிடும்மா என்னை. அதுக்கு இது தேவலாம்.

— ஆளுங்க பாக்கிறாங்க, ரெஜ். நடங்க. அந்தக் கால் இல்ல. உங்களுக்கு நொண்டுறது இடது கால்.